கோதுமையை நிறுத்துவதற்கு முன்

மாதக்கணக்கில் வயிற்று உப்புசம், அவ்வப்போது வயிற்றுப்போக்கு, காலையில் எழுந்திருக்கவே விடாத அசதி. இப்படித் தவிக்கும் ஒருவரிடம், "சப்பாத்தி, பரோட்டாவை நிறுத்திப் பாருங்களேன்" என்று யாரோ சொல்கிறார்கள். அவரும் நிறுத்துகிறார். இரண்டு வாரத்தில் வயிறு லேசாகிறது. சில மாதங்கள் கழித்து, எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று டாக்டரிடம் போகிறார். ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வருகிறது. நோய் இல்லாததால் வந்த நெகட்டிவா, கோதுமை சாப்பிடாததால் வந்த நெகட்டிவா? அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

குளூட்டன் சந்தேகத்தோடு டாக்டரிடம் போகிறவர்களில் பலர் தடுமாறும் இடம் இதுதான். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. இதற்கு ஒரே விலக்கு: கோதுமை சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இரைப்பவர்கள். அது கோதுமை ஒவ்வாமை. அவர்கள் உடனே நிறுத்திவிட்டு ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கோதுமை உணவு சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ விளையாடினாலோ மட்டும் இது வரும்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

மற்றவர்களைப் பொறுத்தவரை முதலில் தேட வேண்டியது செலியாக் நோயை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், சிலரின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காக அங்கே விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடுகின்றன. இந்தத் தாக்குதலின்போது ரத்தத்தில் சில ஆன்டிபாடிகள் உருவாகின்றன. பரிசோதனைக் கூடம் தேடுவது அவற்றைத்தான். குளூட்டன் வருவது நின்றால் ஆன்டிபாடியின் அளவு மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். நோயாளிக்கு அது நல்லதுதான். ஆனால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியவருக்குத் தடயம் போய்விடுகிறது.

கோதுமைதான் காரணம் என்ற சந்தேகம் வலுப்பட்டதே ஒரு பஞ்ச காலத்தில்தான். லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888இலேயே இந்த நோயைத் தெளிவாக விவரித்துவிட்டார். எந்த உணவு காரணம் என்பது மட்டும் பிடிபடவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர், இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துப் பலரைத் தேற்றினார். அவர்கள் தேறியதற்கு வாழைப்பழத்தின் மகிமையைவிட, ரொட்டி தட்டிலிருந்து வெளியேறியதே காரணம் என்று இன்று சொல்ல முடிகிறது.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த வில்லெம் டிக்கேவுக்குப் போருக்கு முன்பே கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. 1941இல் எழுதியும் இருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் சிக்கியிருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வரத்து நின்றுபோனது. ஜனங்கள் துலிப் செடியின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரே மெலிந்த அந்த மாதங்களில் டிக்கேயின் செலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். டிக்கே அந்த ஆச்சரியத்தோடு நிற்கவில்லை. குழந்தைகளுக்கு ஒரு தானியத்தைக் கொடுத்து, நிறுத்தி, மீண்டும் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன ஆகிறது என்று குறித்து வைத்தார். கோதுமையும் ரையும் கெடுதல் செய்தன. அரிசியும் மக்காச்சோளமும் செய்யவில்லை. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த ஆய்வேட்டிலிருந்துதான் இன்றைய சிகிச்சை தொடங்குகிறது. குழந்தை தேறியது என்ற தோற்றத்தை மட்டும் நம்பாமல் அவரும் சகாக்களும் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தும் பார்த்தார்கள். 'நிறுத்தினேன், நன்றாக இருக்கிறது' என்ற அனுபவத்துக்கும் நோயைக் கண்டறிவதற்கும் உள்ள தூரம் அந்த அளவீட்டில்தான் இருக்கிறது.

யாருக்குச் சந்தேகம் வர வேண்டும்? வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் உள்ளவர்களுக்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் பெரியவர்கள் பலருக்கு வயிற்றுக் கோளாறே முன்னால் நிற்பதில்லை. இரும்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதற்கு உடனே கிடைக்கும் விளக்கம் மாதவிடாய், இல்லாவிட்டால் "சரியாச் சாப்பிடறதில்ல." மாத்திரையின் சத்தை உறிஞ்ச வேண்டிய இடமே பழுதாகி இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாது. வயதுக்கு ஏற்ற உயரம் வராத பிள்ளை, பருவமடையத் தாமதமாகும் சிறுமி, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், காரணமில்லாமல் கூடியிருக்கும் கல்லீரல் நொதிகள், இளம் வயதிலேயே தேய்ந்த எலும்பு, அடுத்தடுத்துக் கலையும் கர்ப்பம், கைகால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் என்று இந்த நோய் பல துறை மருத்துவர்களின் வாசலில் போய் நிற்கிறது. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்க முடியாத அரிப்போடு சிறு கொப்புளங்கள் வந்தால், தோல் மருத்துவர் கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தே நோயை உறுதி செய்துவிடலாம். முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டு நோய், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால், அவர்களுக்குச் சிறு அறிகுறி இருந்தாலும் சோதிப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இருப்பவர் இதோடு இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்து, பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் குழுவினரும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செலியாக் நோயின் ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. நோய்க்கு வழிவிடும் மரபணு வகைகள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. தெற்கிலும் மூன்றில் ஒருவருக்கு மேல். பெரிதாக வேறுபட்டது தட்டில் விழும் கோதுமை. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் சாப்பிட, தெற்கில் 25 கிராம்தான்.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வயிற்றுக் கோளாறோடு வருபவருக்குச் செலியாக் அல்லாத வேறு காரணம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதே சமயம், மரபணு இங்கேயும் இருக்கிறது. இரவுக்குச் சப்பாத்தி, மாலையில் பிஸ்கட், விடுமுறையில் பரோட்டா என்று வீடுகள் மாறியும் வருகின்றன. "நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாது" என்று கையை விரிப்பது சரியல்ல. டெல்லியிலோ பஞ்சாபிலோ வளர்ந்த பிள்ளைகள் என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது, என்ன சாப்பிட்டால் என்ன ஆகிறது என்ற இரண்டு வாரக் குறிப்பு, பழைய ரத்த ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது பாதி வேலையை முடித்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் குடல் இரைப்பைத் துறை தனியாகவே இருக்கிறது. மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, வேகமாக இறங்கும் எடை ஆகியவை இருந்தால் குளூட்டனைப் பற்றி யோசித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே போக வேண்டும். குடல் காசநோய், கிரோன் நோய், புற்றுநோய் எல்லாம் அந்த அறிகுறிகளின் பின்னால் இருக்கக்கூடியவை.

முதல் பரிசோதனை ரத்தத்தில். அதன் பெயர் 'டிடிஜி-ஐஜிஏ'. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் கேட்டு வாங்க வேண்டும். தேடப்படும் ஆன்டிபாடி ஐஜிஏ வகையைச் சேர்ந்தது. செலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அந்த வகையே உடலில் உற்பத்தியாவதில்லை. அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக 'இல்லை' என்று சொல்லும். ஐஜிஜி வகைச் சோதனைக்கு மாற வேண்டியிருக்கும். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவோ நிம்மதியடையவோ கூடாது. அதன் பக்கத்தில் அந்த ஆய்வகத்தின் இயல்பு எல்லை அச்சாகியிருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கிட் வேறு, அலகும் எல்லையும் வேறு. ஓரிடத்து 25ஐ இன்னோரிடத்து 25உடன் ஒப்பிட முடியாது. எல்லையைப்போல் எத்தனை மடங்கு என்பதே முக்கியம். எல்லையை ஒட்டி லேசாகக் கூடியிருந்தால் மறுபடி சோதிக்கலாம். குழந்தைகளுக்கு அது 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தில் 'ஈஎம்ஏ' என்ற மற்றொரு ஆன்டிபாடியும் இருந்தால், எண்டோஸ்கோபி இல்லாமலேயே நோயை உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவர்களின் 2020 நெறிமுறை சொல்கிறது.

பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோபி தேவைப்படும். பெயரைக் கேட்டதும் வரும் பயத்துக்கு இது தகுதியானதே அல்ல. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மெல்லிய குழாயைச் சிறுகுடலின் தொடக்கம்வரை செலுத்துவார்கள். சில நிமிட வேலை. சதைத் துணுக்கை எடுப்பது நோயாளிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் எடுக்கிறார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். செலியாக் குடல் கண்ணுக்கு இயல்பாகவே தெரியலாம். கேமராவில் பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிட்டால் அந்த நோயாளிக்கு எண்டோஸ்கோபி நடந்தும் பயனில்லை. பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒரு துணுக்கும் போதாது. சிறுகுடலின் முதல் பகுதியிலிருந்து ஒன்றோ இரண்டோ, அதற்கடுத்த பகுதியிலிருந்து குறைந்தது நான்கு எடுப்பது நெறி. "டாக்டர், செலியாக்குக்காக பயாப்சி எடுப்பீங்கதானே?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பயாப்சி அறிக்கையில் 'மார்ஷ்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும். மார்ஷ் 3 என்றால் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். மார்ஷ் 1 என்பது வெள்ளணுக்கள் கூடியிருப்பதை மட்டுமே சொல்கிறது. வலி மாத்திரைகளாலும் ஹெச்.பைலோரி கிருமியாலும்கூட அப்படி ஆகும். அதை மட்டும் வைத்து ஒருவரை வாழ்நாள் பத்தியத்தில் தள்ளுவது அநியாயம்.

சரி, ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் என்ன செய்வது? மருத்துவரின் கண்காணிப்பில் மீண்டும் சாப்பிட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 3 கிராம் குளூட்டன் வீதம் இரண்டு வாரம், உடம்பு தாங்கினால் எட்டு வாரம்வரை என்று அமெரிக்கக் குடல் மருத்துவர்களின் நெறிமுறை ஒன்று பரிந்துரைத்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, சோதனைக்கு முந்தைய ஆறு வாரமாவது தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் உணவு வேண்டும் என்கிறது. ஒரு நடுத்தரச் சப்பாத்தியில் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். நாளுக்கு இரண்டு சப்பாத்தி என்பது எளிய கணக்கு. மறுபடி வயிறு படுத்தும் என்று அஞ்சுபவர்களுக்கு மரபணுச் சோதனை ஒரு குறுக்கு வழி. நோய்க்கு வழிவிடும் மரபணு வகைகளான டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லையென்றால் செலியாக் ஏறக்குறைய கிடையவே கிடையாது. கோதுமையைத் திரும்பச் சாப்பிட்டு அவதிப்பட வேண்டியதில்லை. இருக்கிறது என்று வந்தாலோ அதனால் எதுவும் நிரூபணமாகாது. மேலே சொன்ன ஆய்வுப்படி தெருவில் நடக்கும் மூவரில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது.

பணத்தைக் கரைக்கும் சோதனைகளும் உண்டு. நூறு இருநூறு உணவுகளுக்கு ஐஜிஜி அளந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ண அட்டவணை தருகிறார்கள். ஒரு உணவை வழக்கமாகச் சாப்பிட்டாலே அதற்கு ஐஜிஜி உண்டாகும் என்பதால், அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்சின் கதையும் இங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 2010இல் ஆட்டத்தின் நடுவே தளர்ந்துபோய்க்கொண்டிருந்த அவரிடம், ஒரு ரொட்டித் துண்டை வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, மறு கையின் பலத்தை அழுத்திப் பார்த்தார் ஒரு வைத்தியர், கை தளர்ந்தது, குளூட்டன்தான் காரணம் என்றார். பிறகு ரத்தச் சோதனையும் நடந்ததாக ஜோகோவிச் 2013இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். குளூட்டனை விட்டார், 2011இல் உலகின் முதலிடத்துக்கு வந்தார். அவருக்கு உடம்பு தேறியது உண்மை. கையை அழுத்திப் பார்ப்பதற்கும் குடலின் நிலைக்கும் எந்தத் தொடர்பும் நிரூபிக்கப்படவில்லை என்பதும் உண்மை. அவர் தேறியதைப் பார்த்து அந்தச் சோதனையை நம்பிப் போகிறவர்களுக்குத்தான் இழப்பு.

முறைப்படி சோதித்தும் செலியாக் இல்லை என்று வந்தால் தேடல் முடிவதில்லை. தமிழ்நாட்டில் பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்து, ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லையென்றால் 'டிராபிக்கல் ஸ்ப்ரூ' என்ற நோயை நினைக்க வேண்டும். 1960களில் வேலூர் வட்டாரக் கிராமங்களில் இது கொள்ளைநோய்போலப் பரவியபோது, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் செய்த ஆய்வுகள் உலகம் முழுக்க இன்றும் பேசப்படுகின்றன. பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் குறைந்து, நாக்கு சிவந்து, எடை இறங்கும். சில மாத டெட்ராசைக்ளின், ஃபோலிக் அமில சிகிச்சையில் குணமாகக்கூடியது. இதைச் செலியாக் என்று தவறாக முத்திரை குத்தினால், மாத்திரையில் தீர வேண்டிய நோய்க்கு ஆயுள் முழுக்கக் கோதுமையை விட்டும் தேறாமல் ஒருவர் அலைய நேரிடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இதேபோல் நடிக்கும். மலப் பரிசோதனையில் தெரியும்.

மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 2012இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், செலியாக் போலவே குடல் தேய்ந்து, குளூட்டனை விட்டும் தேறாத 22 பேரைப் பற்றி எழுதினார்கள். அத்தனை பேரும் ஒல்மிசார்டன் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். மாத்திரையை மாற்றியதும் தேறினார்கள். இந்தியாவிலும் பரவலாக எழுதப்படும் மாத்திரை அது. பக்கவிளைவு அரிதானது, தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

குடல் நன்றாக இருக்கிறது, ஆன்டிபாடி இல்லை, ஆனாலும் கோதுமை சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பவர்களின் துன்பம் கற்பனை அல்ல. காரணம்தான் வேறாக இருக்கலாம். ஆஸ்லோவில் செலியாக் இல்லாத, தாமாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டங்களை ஒவ்வொன்றும் ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து, ஒன்றில் இரண்டும் இல்லை. 2018இல் வெளியான முடிவுப்படி, அதிகத் தொல்லை கொடுத்தது ஃபிரக்டான். குளூட்டன் பண்டமோ, இரண்டும் இல்லாத பண்டத்திலிருந்து மாறுபடவே இல்லை. ஃபிரக்டான் கோதுமையில் உண்டு, வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. பரோட்டாவை விட்ட பிறகும் சின்ன வெங்காயச் சாம்பாரில் வயிறு ஊதுகிறது என்று சொல்பவருக்கு உணவியல் நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

செலியாக் என்றே உறுதியானால், அரிசி உண்ணும் குடும்பத்துக்கு மாற்றம் அவ்வளவு கடினமில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, தினை, உளுந்து எல்லாம் சாப்பிடலாம். ஏமாற்றுபவை மறைந்திருக்கும் இடங்கள்தான். ரவை, சேமியா, சம்பா ரவை மூன்றும் கோதுமையே. மால்ட் சேர்ந்த சத்துபானங்களில் பார்லி இருக்கும். சாம்பாரில் ஒரு சிட்டிகை போடும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கோதுமை மாவு அல்லது மைதா என்று பொடி எழுத்தில் அச்சாகியிருப்பது தெரியும். அரிசி மாவோ வேறு மாவோ, மாவு மில்லில் முந்தைய ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் அரைத்தால் அதுவும் ஆகாது; வீட்டு மிக்ஸி மேல். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்ப்பதும், சமோசா பொரித்த எண்ணெயில் வடை போடுவதும் இதே கதை. பாக்கெட் உணவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் டிடிஜி அளவை மறுபடி பார்த்தால் பத்தியம் சரியாகப் போகிறதா என்று தெரியும். இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு, எலும்பின் அடர்த்தி ஆகியவற்றையும் சோதித்துக் குறையை நிரப்ப வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் இருக்கும் என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். பிள்ளைகளுக்கு இப்போது இல்லை என்று வந்தாலும் பின்னால் வரலாம். மரபணுச் சோதனையில் டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லாத பிள்ளையை மட்டும், ஆண்டுக்கணக்கில் ஊசி குத்தி ரத்தம் எடுக்காமல் விட்டுவிடலாம்.